நகர மன்றக் கூட்டத்தில் நான் எழுந்து பேசலாமா?

சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில், பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டை ஒன்றில் நான்கறை வீட்டில் வசிக்கும், அறுபது வயதைக் கடந்த வாசகி ஒருவர், தம் பெயரும் புளோக் எண்ணும் வெளிவரக் கூடாது என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய புளோக்கை ஒட்டிய புல்வெளியில் கல்மேசைகளும் இருக்கைகளும் உள்ளன. மாலை வேளையில் முதியவர்கள் கூடிப் பேசும் இடம் அது. அதன் பின்புறத்தில் அவரும் அண்டைவீட்டார் சிலரும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கறிவேப்பிலை, முருங்கை, வெற்றிலைக்கொடி, பாண்டான் இலை என்று வளர்த்துவருகிறார்கள். அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் அந்த இடத்தில் சிறு காற்பந்துத் திடலும் உடற்பயிற்சி மூலையும் அமைக்க நகர மன்றம் எண்ணியிருப்பது, கீழ்த்தளத்தில் வைக்கப்பட்ட காட்சிப்பலகையைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. “அடுத்த மாதம் மன்றத்தின் முடிவுக்கு வருகிறது” என்று அண்டைவீட்டுக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதே திட்டத்தில், பக்கவாதத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருக்கும் அவருடைய கணவருக்குப் பெரிதும் உதவக்கூடிய சாய்வுப்பாதையும், பேருந்து நிறுத்தம் வரை கூரையுள்ள நடைபாதையும் அடங்கியிருக்கின்றன.

வாசகி திருச்சியில் பிறந்தவர். அவருடைய மாமா அங்கே நகராட்சி உறுப்பினராக இருந்தவர். மன்றக் கூட்டத்தில் வார்டு மக்களின் மனு பேசப்படுவதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் இவர். இங்கே கொண்டோமினியம் எனப்படும் தனியார் அடுக்குமாடி வளாகத்தில் வசிக்கும் தங்கையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறாராம். “எனக்கு அந்த உரிமை இல்லையா? 138 பேர் கையெழுத்திட்ட மனுவை அவர்கள் மதிக்காமல் இருக்க முடியுமா? இத்தனை வருடம் பராமரித்த நிலத்தில் எங்களுக்கு அனுபவ பாத்தியதை கிடையாதா? பதில் வரும்வரை சேவை, பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாம் என்கிறார்கள், சரியா? வழக்குப் போட்டால் நிற்குமா?” என்பவை அவருடைய கேள்விகள். மனு கொடுத்த சில நாள்களில், வாசலில் உள்ள பூந்தொட்டிகளை அகற்றும்படி அறிவிப்பு வந்ததைப் பழிவாங்கும் செயல் என்று அவர் நம்புகிறார்.

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் சட்டம் தரும் பதில் ஏறக்குறைய “இல்லை” என்பதுதான். இதைப் பூசி மெழுகிச் சொன்னால் உங்களுக்குக் காலம்தான் விரயமாகும். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது: இந்தத் திட்டம் நடக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் வீட்டுக்கு ஒரு வாக்கு இருக்கக்கூடும். மன்றக் கூட்டத்தின் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்த வாக்கு உங்கள் கண்ணில் படவில்லை. இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

நகர மன்றம் நகராட்சி அன்று

திருச்சி நகராட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நகர மன்றத்தைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இரண்டும் வேறுவேறு நோக்கத்துக்காகப் பிறந்தவை. சிங்கப்பூருக்கும் ஒரு காலத்தில் மாநகர மன்றம் இருந்தது. 1951ல் நகரத் தகுதி பெற்ற இந்த ஊரில், 1957 டிசம்பரில் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்து, ஓங் எங் குவான் மேயரானார். பாடாங் திடலுக்கு எதிரே, இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதியாக இருக்கும் நகர மண்டபமே அதன் இருப்பிடம். தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாம் அதன் கையில் இருந்தன. 1959ல் தன்னாட்சி வந்ததும் அதன் பொறுப்புகளை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1963ல் தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சென்றன. உங்கள் மாமா அமர்ந்திருந்தது போன்ற மன்றம் இங்கே அத்துடன் முடிந்துவிட்டது.

இன்றைய நகர மன்றம் 1986ல் அங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கி, 1988ல் இயற்றப்பட்ட நகர மன்றச் சட்டத்தால் வடிவம் பெற்றது. வீவக பேட்டைகளில் உள்ள பொதுச் சொத்தை, அதாவது நடைவழி, கீழ்த்தளம், மின்தூக்கி, தண்ணீர்த்தொட்டி, விளக்குகள், திறந்தவெளி ஆகியவற்றைப் பராமரிப்பதும் மேம்படுத்துவதும் அதன் பணி. அந்த எல்லைக்கு வெளியே அதற்கு அதிகாரம் இல்லை. பேருந்து நிறுத்தம் நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தது. கார் நிறுத்துமிடத்தை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. நீங்கள் எழுதியிருக்கும் கூரையுள்ள நடைபாதையில்கூட, சாலையோரப் பகுதிக்கு வேறு அமைப்பின் ஒப்புதல் தேவைப்படலாம். யாரிடம் எதைக் கேட்பது என்று குழம்பினால் ஒன்சர்வீஸ் செயலியில் பதிவு செய்யுங்கள். உரிய அமைப்புக்கு அது போய்ச் சேரும்.

மன்றத்தில் அமர்பவர்கள் யார்? தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களும், தலைவரால் நியமிக்கப்படுபவர்களும். தலைவர் அந்த நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவராகவே இருப்பார். நியமிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் அந்த நகரின் வீவக வீடுகளில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நகர மன்றத்துக்கென்று இங்கே தனித் தேர்தல் கிடையாது. பொதுத்தேர்தலில் நீங்கள் போடும் ஓட்டே மன்றத்தை யார் நடத்துவார் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

உங்கள் தங்கையின் நிலை வேறு. கொண்டோமினியத்தில் வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் பொதுச் சொத்திலும் பங்குடையவர்கள். ஆகவே பொதுக்கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் அவர்களுக்குச் சட்டப்படியே உரிமை இருக்கிறது. வீவக பேட்டையில் நீங்கள் வாங்கியிருப்பது உங்கள் வீட்டின் குத்தகை உரிமை. புல்வெளியும் கீழ்த்தளமும் கழகத்தின் சொத்தாகவே தொடர்கின்றன. அவற்றை நிர்வகிக்கும் பொறுப்புதான் நகர மன்றத்திடம் தரப்பட்டுள்ளது. ஆகவே மன்றக் கூட்டத்தில் குடியிருப்பாளர் எழுந்து பேசும் உரிமையைச் சட்டம் தரவில்லை. கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் பொருள்களை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதி வதந்திகள் அடங்கிவிடும் என்பது என் சொந்தக் கருத்து. கருத்துக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை நான் உங்களிடம் மறைக்க முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். இத்தகைய திட்டம் மன்றக் கூட்டத்துக்கு வருமுன்பே பெரிதும் உருவாகிவிடுகிறது. முதலில் வரைவு, பிறகு கீழ்த்தளக் காட்சிப்பலகை, கலந்துரையாடல், குடியிருப்பாளரின் கருத்துச் சேகரிப்பு, வாக்கெடுப்பு, அதற்குப் பின்னர் ஏலக்குத்தகை, வேலை என்று அது நகரும். “அடுத்த மாதம் முடிவு” என்று அண்டைவீட்டுக்காரர் சொன்னது இவற்றில் எந்தப் படியைக் குறிக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. அவருக்குமே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வரைவை வாக்கெடுப்புக்கு அனுப்பும் முடிவாக இருந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. குத்தகை வழங்கும் முடிவாக இருந்தால் மிகக் குறைவான நேரமே இருக்கிறது. எனவே இன்றே நகர மன்ற அலுவலகத்துக்கு எழுத்துமூலம் மூன்று கேள்விகளை அனுப்புங்கள்: திட்டம் இப்போது எந்தக் கட்டத்தில் உள்ளது, கருத்துத் தெரிவிக்கக் கடைசி நாள் எது, வாக்கெடுப்பு எப்போது, எந்தெந்த புளோக்குகளுக்கு.

138 கையெழுத்துகளும் ஒரு வாக்கும்

அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் 2007ல் அறிமுகமானது. அதன் விதியை உங்கள் மனுவை எழுதியவர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தகுதிபெற்ற சிங்கப்பூர்க் குடிமக்களின் வீடுகளில் குறைந்தது 75 விழுக்காடு ஆதரவு தெரிவித்தால்தான் திட்டம் நடைபெறும். நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வீடுகள் ஆதரவு தராவிட்டால் அது நின்றுவிடும். மனுவால் ஆகாததை இந்த வாக்கு செய்யும்.

ஆனால் இந்த எண்ணிக்கை உங்கள் 138 கையெழுத்துகளைப் போல் கணக்கிடப்படுவதில்லை. நீங்கள் இணைத்து அனுப்பியிருக்கும் தாள்களில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு, மூன்று பெயர்கள் இருக்கின்றன; வாக்கெடுப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்குதான். வாடகைக்கு இருப்பவர்களும், வீட்டு உரிமையாளர் அனைவரும் நிரந்தரவாசிகளாக உள்ள குடும்பங்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் உண்மையானதே என்றாலும் அந்த வீடுகள் இந்தக் கணக்கில் சேராது. இத்திட்டம் அடுத்தடுத்துள்ள பல புளோக்குகளைச் சேர்த்தே மேற்கொள்ளப்படுவது என்பதால், உங்கள் புளோக் முழுவதும் ஒரே குரலில் பேசினாலும் அது போதாமல் போகலாம். திடல் தங்கள் சன்னலுக்குக் கீழே வரப்போவதில்லை என்றால் எதிர்ப்புறத்து புளோக்கில் இருப்பவர் ஏன் மறுக்கப்போகிறார்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வாக்கெடுப்பு பொதுவாக முழுத் திட்டத்துக்கும் சேர்த்தே நடைபெறுகிறது. திடல் வேண்டாம், சாய்வுப்பாதை வேண்டும் என்று பிரித்துப் போட அந்தத் தாளில் இடம் இருக்காது. திடலைத் தடுக்க நீங்கள் வெற்றிகரமாக அணிதிரட்டினால், உங்கள் கணவருக்குத் தேவையான நடைபாதையும் கூடவே போய்விடும். உங்கள் மனுவில் “இத்திட்டத்தை முற்றாகக் கைவிட வேண்டும்” என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தேன். கையெழுத்திட்ட எல்லாருக்கும் அதன் பொருள் புரிந்திருந்ததா என்பது எனக்கு ஐயம்தான்.

ஆகவே வாக்கெடுப்புக்கு முன்பே, கருத்துச் சேகரிக்கும் கட்டத்தில் வரைவை மாற்ற முயல்வதே உங்களுக்கு உகந்த வழி. கட்டத்தைக் கேட்டு எழுதச் சொன்னதும் இதற்காகத்தான். அந்தக் கட்டத்தில் உங்கள் மனுவுக்கு மதிப்பு இருக்கிறது; கட்டுப்படுத்தும் ஆணையாக அது அமையாவிட்டாலும், 75 விழுக்காட்டை எட்ட வேண்டிய மன்றம் ஒரு புளோக்கின் அதிருப்தியை எளிதில் ஒதுக்கிவிடாது. வாக்கு பிறகு வரப்போகிறது என்பதுதான் உங்கள் பேச்சுக்கு இப்போதே எடை தருகிறது.

மனுவைத் திருத்தி எழுதுங்கள். வீட்டுக்கு ஒரு வரி. புளோக் எண், வீட்டு எண், பெயர், கையொப்பம் போதும். அடையாள அட்டை எண்ணை வாங்காதீர்கள். அது இந்தக் காரியத்துக்குத் தேவையே இல்லை, தாள் கைமாறும்போது தொல்லைதான் வரும். “வேண்டாம்” என்று நிறுத்தாமல் மாற்று இடத்தைக் காட்டுங்கள். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் பின்பக்கம் காலியிடம் இருப்பதாக நீங்களே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் மனுவின் முதல் பத்தியாக இருந்திருக்க வேண்டும். திடல் அங்கே போகட்டும், உடற்பயிற்சி மூலை கல்மேசைகளுக்குப் பக்கத்தில் வரட்டும் என்று கேட்டால், முதியோருக்கும் அது நன்மையே. இடமாற்றம் இயலாது என்று பதில் வந்தால், இரவில் விளக்கு அணைக்கும் நேரம், பந்து மோதும் வேலி, சன்னல்களிலிருந்து விலக்கு தூரம் ஆகியவற்றைக் கேளுங்கள். பேட்டைகளில் இரவு பத்தரை முதல் காலை ஏழு மணி வரை அமைதி காக்கப்பட வேண்டும் என்பது ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள வழிகாட்டி. அதைவிட முன்னதாகவே விளக்கை அணைக்கும்படி கேட்பதில் தவறில்லை.

செலவைப் பற்றிய உங்கள் வாதத்தையும் திருத்த வேண்டும். “எங்கள் பராமரிப்புக் கட்டணத்தை வீணாக்குகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இத்திட்டத்தின் கட்டுமானச் செலவை அரசாங்கம் ஏற்கிறது. உங்கள் மாதக் கட்டணத்திலிருந்து அது எடுக்கப்படுவதில்லை. எதிர்த்தரப்பினர் முதல் வரியிலேயே அதை மறுத்துவிடுவார்கள், மீதி மனுவும் அத்துடன் நம்பகத்தன்மையை இழக்கும். கட்டிமுடித்த பிறகு திடலின் தரை, வேலி, விளக்கு ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவு நகர மன்றத்தையே சேரும், அதில் உங்கள் கட்டணமும் அடங்கும் என்பது உண்மை. பல நகர மன்றங்கள் 2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் கட்டணத்தை உயர்த்தியதை மறந்திருக்கமாட்டீர்கள். ஆண்டுதோறும் இதற்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்; அது நியாயமான கேள்வி. மன்றத்தின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்படுகிறது, அதைப் பார்க்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஒரு வார்த்தை, வழக்கறிஞராக இல்லாமல் பேட்டைவாசியாகச் சொல்கிறேன். மனுவில் இளையர்களைப் பற்றி “வெளியிலிருந்து வந்து கூச்சல் போடுபவர்கள்” என்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் உங்கள் மின்தூக்கியிலேயே ஏறி இறங்குபவர்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் வாக்கு உண்டு. பந்து விளையாடக் கூடாது என்ற பலகை கீழ்த்தளத்தில் தொங்கும்போது அவர்கள் வேறெங்கே போவார்கள்? அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

ஊரில் பன்னிரண்டு வருட அனுபவ பாத்தியதை பற்றிப் பேசாத குடும்பமே கிடையாது. இங்கே அந்த வாதம் எடுபடாது. நெடுநாள் அனுபவத்தால் மற்றவரின் நிலத்துக்கு உரிமை பெறும் வழியை 1994 மார்ச் 1 முதல் சிங்கப்பூர்ச் சட்டம் ஒழித்துவிட்டது. அதற்கு முன்பும் பொது நிலத்தின் மீது அதை நிலைநாட்டுவது நடக்காத காரியம். அனுமதியின்றிப் பொதுச் சொத்தில் செடி வளர்ப்பது நகர மன்றத்தின் துணைவிதிகளுக்கு எதிரானதாகவே கருதப்படும். “பன்னிரண்டு வருடமாகச் செய்துவருகிறோம்” என்று மனுவில் எழுதினால், பன்னிரண்டு வருட விதிமீறலுக்கு நீங்களே வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும்.

செடிகளைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005 முதல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்ற சமூகத் தோட்டத் திட்டத்தை நடத்துகிறது. குடியிருப்பாளர்கள் குழுவாகச் சேர்ந்து, பேட்டையின் வசிப்போர் அமைப்பு, நகர மன்றம் ஆகியவற்றின் ஒப்புதலுடன் அதில் இணையலாம்; மண், செடி, வேலி குறித்துக் கழகத்தின் ஆலோசனையும் கிடைக்கும். புதுப்பிப்புத் திட்டத்தின் வரைவிலேயே சமூகத் தோட்டத்துக்கு ஓர் இடம் ஒதுக்கும்படி கேட்பதற்கு இதுவே தக்க தருணம். முருங்கை உயரமாக வளர்வதால் அது அனுமதிக்கப்படாமல் போகலாம். கறிவேப்பிலை தப்பித்துவிடும் என்று நம்புகிறேன்.

செய்யக் கூடாதவை

கட்டணத்தை நிறுத்தாதீர்கள். சேவை, பராமரிப்புக் கட்டணம் சட்டப்படி செலுத்த வேண்டிய கடன். மன்றத்தின் ஒரு முடிவு பிடிக்கவில்லை என்பது அதை நிறுத்திவைக்கக் காரணமாகாது. தாமதக் கட்டணம் சேரும், கோரிக்கைக் கடிதம் வரும், அதன் பிறகு நீதிமன்ற அழைப்பாணையும் வரலாம். தேசிய வளர்ச்சி அமைச்சு நகர மன்றங்களின் செயல்பாட்டை மதிப்பிடும் அறிக்கையில் கட்டண நிலுவையும் ஓர் அளவுகோல் என்பதால், நிலுவையை வசூலிப்பதில் எந்த மன்றமும் மெத்தனமாக இருக்காது. கட்டாமல் இருப்பவரின் மனுவை வாங்கும் அதிகாரி, முதலில் எதைத் திறந்து பார்ப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“கூட்டம் நடக்கும் நாளில் பதாகையுடன் மன்ற அலுவலகத்தின் முன் நிற்போம்” என்ற யோசனையை உடனே கைவிடச் சொல்லுங்கள். வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்குவது வேறு, பொது இடத்தில் கூடிக் கோரிக்கை முழங்குவது வேறு. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி ஒருவர் மட்டும் தனியாக நின்றாலும் காவல்துறையின் அனுமதி தேவை. ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. ஆனால் உங்கள் புல்வெளியைப் பற்றி அங்கே போய்ப் பேசி யாருக்கு என்ன பயன்?

மூன்றாவது, உங்கள் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஓடும் செய்தி. குத்தகைக்காரர் அதிகாரி ஒருவரின் உறவினர், பணம் கைமாறிவிட்டது என்று பெயருடன் எழுதப்பட்டிருப்பதை நீங்கள் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவதூறுச் சட்டம் வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும். அதை மற்றவருக்கு அனுப்பியவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மன்ற உறுப்பினர்களும் ஊழியர்களும் தங்கள் சொந்த நலன் குறுக்கிடும்போது அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் 2017 திருத்தத்துக்குப் பிறகு கடுமையாகியிருக்கின்றன. ஆதாரம் இருந்தால் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தியை நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் அதை எனக்கு அனுப்பியதுடன் நிற்கட்டும்.

பூந்தொட்டி அறிவிப்பைப் பொறுத்தவரை, அதைப் பழிவாங்கல் என்று நான் எழுதமாட்டேன். பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு வழிகாட்டி. தீ விபத்தில் தூக்குப்படுக்கை போய்வர அந்த இடம் தேவை. நீங்கள் அனுப்பிய படத்தில் தொட்டிகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே அவ்வளவு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. அளந்து பார்த்து, தொட்டிகளை ஒரே வரிசையாகச் சுவரோரம் தள்ளி, படமெடுத்து, அறிவிப்பில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள். சக்கர நாற்காலி உள்ள வீட்டின் வாசலுக்கு அந்த அகலம் வேறு யாரையும்விட உங்களுக்கே அதிகம் தேவை.

நீதிமன்றம் போகலாமா?

நகர மன்றத்தின் மீது குடியிருப்பாளர் நீதிமன்றம் செல்லவே முடியாது என்று நினைப்பது தவறு. சட்டம் மன்றத்தின் மீது சுமத்தியுள்ள கடமை ஒன்றை அது நிறைவேற்றாவிட்டால், அந்தக் கடமை யாருடைய நன்மைக்காக விதிக்கப்பட்டதோ அவர் உயர் நீதிமன்றத்தை நாடி, அதை நிறைவேற்றும்படி ஆணை கேட்க நகர மன்றச் சட்டமே வழி செய்திருக்கிறது. மின்தூக்கி மாதக்கணக்கில் பழுதாகக் கிடந்து, எழுதியும் கவனிக்கப்படவில்லை என்றால் அந்தப் பாதையைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் விவகாரம் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. கல்மேசை இருக்கும் இடத்தில் திடல் வரலாமா என்பது மன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது. நீதிமன்றம் அந்த இடத்தில் தன் விருப்பத்தைப் புகுத்தாது. முடிவெடுத்த முறையில் சட்டவிரோதமோ, எந்த நியாயமான அமைப்பும் செய்யாத அளவுக்கு அறிவுக்குப் பொருந்தாத தன்மையோ இருந்தால் மட்டுமே நீதிமுறை மறுஆய்வு கேட்கலாம். அதற்கும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். முடிவு வெளியான மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழக்கூடும். வாக்கெடுப்பு நடத்தாமலே நடந்ததாகக் காட்டினார்கள் என்பது போன்ற ஆதாரம் உங்கள் கையில் இருந்தால் மறுபடியும் எழுதுங்கள். இப்போது நீங்கள் அனுப்பியிருக்கும் ஆவணங்களை வைத்து, ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து ஒரு வெள்ளியைக்கூட இதற்காக எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

அந்தப் பணமும் நேரமும், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதிவாசிகளின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் செல்லும் இரண்டு மாலைகளுக்குப் போதும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் அமர்பவர். அவரிடம் பேசுவதே கூட்டத்தின் காதில் விழும்படி பேசுவது. முதியவர்கள் நான்கைந்து பேராகச் செல்லுங்கள், கும்பலாக வேண்டாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளை அழைத்துச் செல்லுங்கள், இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த தொண்டூழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். திருத்திய மனு, இடத்தின் படம், மாற்று இடத்தைக் குறித்த எளிய வரைபடம் ஆகிய மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். அங்கே கொடுத்ததன் படி ஒன்றை மின்னஞ்சல் வழியாக நகர மன்றத்துக்கும் அனுப்பி, தேதியிட்ட பதிலைக் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவரின் தேவையை இந்த வாக்கெடுப்போடு முழுவதும் கட்டிப்போட வேண்டாம். வீட்டு வாசற்படியில் சாய்வுப்பலகை, குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை ஆகியவற்றுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ‘ஈஸ்’ திட்டம் 2012 முதல் பெரும் மானியம் தருகிறது. 65 வயது நிரம்பியவர் இருக்கும் குடும்பம் கழகத்திடம் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு அண்டைவீட்டார் யாருடைய வாக்கும் தேவையில்லை. மருத்துவமனை சிகிச்சையாளரின் பரிந்துரை இருந்தால் அதையும் இணைத்து இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.